ஸ்கோப்புக்குள் வளைந்த கோடு

கண்ணில் கோளாறு என்றால் மனுஷன் எங்கே போவான்? கண் டாக்டரிடம் போவான். நம் பருந்து போனது துப்பாக்கிக் கடைக்கு. கேட்கிற நமக்குச் சிரிப்பு வரலாம். அவருக்கு வரவில்லை.

பருந்து என்பது வேலைத்தளத்தில் வைத்த பேர். மாடி மாடியாகக் கட்டடம் எழும்புகிற இடத்தில் டவர் கிரேன் ஓட்டுகிறவர் அவர். காலை நீட்டினால் சுவர் இடிக்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, பாதாளத்தில் கிடக்கிற கம்பிக் கட்டைத் தூக்கி, சொன்ன இடத்தில் சொன்னபடி, தூங்குகிற பிள்ளையைப் படுக்கவைக்கிற மாதிரி இறக்குவார். "மேலேருந்தே நம்ம சட்டையில பட்டன் போட்டிருக்கா இல்லையான்னு சொல்லிடுவாருய்யா" என்று கம்பி கட்டுகிறவர்கள் சொல்வார்கள். அப்படி வந்த பேர். அதில் அவருக்குப் பெருமை உண்டு. இல்லை என்று அவரே வந்து சொன்னாலும் நம்பாதீர்கள்.

கொஞ்ச நாளாக வலது கண் சரியில்லை. ஒரு காலையில் முகம் துடைக்கும்போது, துண்டு இடது கண்ணை மறைத்திருந்த நேரம், குளியலறைக் கதவின் நிலைச்சட்டம் நடுவில் வளைந்து தெரிந்தது. துண்டை எடுத்தார். சட்டம் நேராகிவிட்டது. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டார். மறுநாளும் அதே சட்டம், அதே வளைவு. அன்றிலிருந்து இடது கண்ணைத் தனியாக மூடுவதையே நிறுத்திவிட்டார். மூடினால்தானே தெரியும்! துடைக்கும்போது இரண்டையும் சேர்த்தே இறுக்கி மூடிக்கொண்டார்.

டாக்டரிடம் போகலாம்தான். கிரேன் ஓட்டுகிறவர் கண்ணைக் காட்டுவதென்றால் கம்பெனி காட்டுகிற டாக்டரிடம்தான் போக வேண்டும் என்பது அங்கே விதி. அவர் பார்த்தால் ஆபீஸுக்குத் தெரியும். ஆபீஸுக்குத் தெரிந்தால் அடுத்த நாள் கிரேன் ஏணியில் கால் வைக்க விட மாட்டார்கள். ஏணி ஏறாத பருந்துக்கு வேறு என்ன வேலை தெரியும்? வீட்டில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் பாதிச் சுவரைப் பெயர்த்துவைக்கிற ஆள் அவர்.

ஆனால் வேலை போவது மட்டும் என்றால் எப்படியோ மென்று விழுங்கியிருப்பார். கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிறவன் அவருடைய மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவர்தான். சேர்த்த அன்றைக்கு மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "கீழ நிக்கிறது என் தம்பி. ஞாபகம் இருக்கட்டும்."

அவர்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. சுமை இறங்கும்போது கடைசி ஒரு முழத்துக்கு வாக்கி-டாக்கியில் பேசுவதில்லை. பேச்சு காதில் விழுந்து, கை லீவருக்குப் போவதற்குள் சுமை தரைக்கு வந்துவிடும். அதனால் மச்சினன் வாக்கியை இடுப்பில் செருகிவிட்டு இரண்டு கையையும் மார்புக்கு நேரே தூக்குவான். விரல் விரிந்திருக்கிற வரைக்கும் சுமை இறங்கும். விரலை மடக்கினால் நின்றுவிடும். இத்தனை வருஷமாக அதில் ஒரு பிசகு வந்ததில்லை.

போன வாரம் வந்தது. எதிர்வெயில் கூசியதென்று பருந்து பக்கவாட்டில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். கூண்டின் இரும்புச் சட்டம் இடது கண்ணை மறைத்துவிட்டது. மிச்சமிருந்த வலது கண்ணில் மச்சினனின் கை இருக்க வேண்டிய இடம் புகையாக இருந்தது. விரல் விரிந்திருக்கிறதா, மடங்கியிருக்கிறதா? விரிந்துதான் இருக்கும் என்று இவராக நினைத்துக்கொண்டு லீவரைத் தள்ளினார். கட்டின் ஒரு முனை தரையில் மோதி, கம்பிகள் சரிந்து, துள்ளி விலகிய மச்சினனின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தன.

பருந்து கூண்டிலிருந்து இறங்கி வந்தார். இவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவனே ஓடிவந்து, "மாமா, என் தப்பு. கையை லேட்டா மடக்கிட்டேன் போல" என்றான். முகத்தில் ஈயாடவில்லை. பருந்து அப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "சரி விடு, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றார். பாவி மனுஷன், அவ்வளவுதான் சொன்னார்.

துப்பாக்கிக் கதை இங்கேதான் வருகிறது. மச்சினன் பல வருஷமாக ஒரு துப்பாக்கி கிளப்பில் இலக்கைக் குறிபார்த்துச் சுடுகிறான். "நீங்க வந்தா எங்களை எல்லாம் ஓரம் கட்டிடுவீங்க மாமா, உங்க கண்ணுக்கு" என்று சொல்லிச் சொல்லி, போன வருஷம் லைசென்ஸும் வாங்கவைத்தான். அப்போது கண் நன்றாகத்தான் இருந்தது. ரைஃபிளையும் அவனே தேடிப் பிடித்து எடுத்துக் கொடுத்தான். அதன்மேல் பூட்டிக் குறி பார்க்கிற குழாய்க் கண்ணாடி, ஸ்கோப், அது மட்டும் பாக்கி. இவர்தான் இன்று நாளை என்று இழுத்துக்கொண்டிருந்தார். கம்பி சரிந்த பிறகு திடீரென்று இவரே, "ஞாயித்துக்கிழமை ஸ்கோப் பாக்கப் போலாமா மாப்ளே?" என்று கேட்டார்.

கணக்கு என்னவென்றால், ஸ்கோப்பில் கண் வைக்கிற பக்கம் ஒரு வளையம் இருக்கும். அவரவர் கண்ணுக்குத் தகுந்தபடி அதைத் திருப்பிக்கொள்ளலாம் என்று மச்சினன் எப்போதோ சொல்லியிருந்தான். ஏதாவது ஒரு ஸ்கோப்பில், எப்படித் திருப்பியாவது, வலது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டால் இது வெறும் மூக்குக்கண்ணாடி விவகாரம். கண்ணாடி போட்டுக்கொண்டு கிரேன் ஓட்டலாம், தப்பில்லை. கடைக்காரர் யாரும் ஆபீஸுக்குச் சொல்லப்போவதில்லை. இதெல்லாம் ஒரு யோசனையா என்று கேட்காதீர்கள். பயந்தவன் யோசனை இந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

கிளம்பும்போது மனைவி, "முட்டிவலிக்கு டாக்டர்கிட்ட போகச் சொன்னா நேரமில்ல. காகிதத்துல ஓட்டை போட மட்டும் நேரம் இருக்கு" என்றாள். வழக்கமாக இதற்கு மச்சினன் ஏதாவது எடுத்துக் கொடுப்பான். அன்று பேசாமல் வண்டியை எடுத்தான். போன வார பயம் இன்னும் போகவில்லை என்று பருந்து நினைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடை ஊருக்கு வெளியே இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் மண்மேடு எழுப்பிய சுடுகளம். கடைக்காரம்மா குட்டையானவர், முடியை ஒட்ட வெட்டி, காதில் ஒரு பென்சில் செருகியிருந்தார். சாமான் விற்கிற குரலே இல்லை. வகுப்புக்குப் பிந்தி வந்த பிள்ளையைக் கேட்கிற குரல்.

"எதைச் சுடப்போறீங்க?"

"காகிதம்தான்" என்றான் மச்சினன்.

"எவ்வளவு தூரம்?"

"இப்போதைக்கு அம்பது மீட்டர். போகப் போக நூறு."

"முதல் ரைஃபிளா?"

"ஆமாம்மா" என்றார் பருந்து. "இருக்கிறதிலேயே பெரிசாக் காட்டுறதைக் காட்டுங்க."

"அதானே! முதல் தடவை வர்ற எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க. இந்தத் தூரத்துக்கு நிலாவைப் பாக்கிற கண்ணாடி எதுக்கு? இலக்கு பெரிசாத் தெரிஞ்சா உங்க நடுக்கமும் பெரிசாத் தெரியும். மூச்சு விட்டா கோடு மேல போகும், நெஞ்சு துடிச்சா கோடு குதிக்கும். அதைப் பாத்துப் பயந்து விசையை வெடுக்குனு இழுப்பீங்க. நடுவாந்தரமா ஒண்ணு வாங்குங்க. கண்ணாடி சுத்தமா இருக்கணும், குறியைச் சரிபண்ற குமிழைத் திருப்பினா ஒவ்வொரு சொடுக்கும் கையில தெரியணும். மத்ததெல்லாம் ஜம்பம்."

ஒரு ஸ்கோப்பை எடுத்து மேசைமேல் இருந்த தாங்கியில் பூட்டினார். எதிரே வெள்ளைச் சுவர். "இங்க வாங்க. சுவரைப் பாக்காதீங்க, கோட்டைப் பாருங்க. குறுக்கே ஒண்ணு, நெடுக்கே ஒண்ணு. அது கன்னங்கரேல்னு தெரியற வரைக்கும் கண் பக்கத்து வளையத்தைத் திருப்புங்க. அது உங்க கண்ணுக்கு உண்டான அளவு. அப்புறம் அதை வேற யாரும் தொடக்கூடாது, கூட வந்திருக்கிற இவரே ஆனாலும்."

பருந்து குனிந்தார். எத்தனையோ நாளாகத் தனியாக மூடாமல் இருந்த இடது கண்ணை மூடினார். வளையத்தை மெல்லத் திருப்பினார். கோட்டின் ஓரங்கள் கூர்மையாகிக்கொண்டே வந்தன. அப்பாடா என்று மூச்சு விடப்போன நேரம், கோடு இரண்டும் சந்திக்கிற நடு இடத்தைப் பார்த்தார். அங்கே குறுக்குக் கோடு, ஈரத்துணி போட்ட கொடிக்கயிறு மாதிரி, கீழே தொய்ந்திருந்தது.

வாய் தவறிவிட்டது. "அம்மா, இதுல கோடு வளைஞ்சிருக்கே."

"என்னது?" கடைக்காரம்மா அவரை நகர்த்திவிட்டுத் தானே பார்த்தார். "கோடு என்ன கம்பியா வளையறதுக்கு? கண்ணாடியிலேயே கீறினது. கண்ணாடி உடைஞ்சாலும் உடையும், கோடு வளையாது."

மச்சினனும் பார்த்தான். "நேராத்தானே இருக்கு மாமா. அவ்வளவு உசரத்துல உக்காந்து உக்காந்து உங்களுக்கு ஊரே கோணலாத் தெரியுது." அன்று அவன் அடித்த முதல் கேலி அது. பருந்தும் சிரித்துவைத்தார்.

இரண்டாவது ஸ்கோப் வந்தது. அதே இடம், அதே தொய்வு. மூன்றாவது உசத்திச் சரக்கு. கடைக்காரம்மா அதைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். அதில் பார்த்தால் வெளிச்சம் பளிச்சென்று இருந்தது. சுவரில் ஓடிய மயிரிழை விரிசல்கூட ஓரத்தில் தெரிந்தது. நடுவில் மட்டும் அதே வளைவு, முன்னைவிடத் துல்லியமாக. உசத்திக் கண்ணாடி அவருக்கு அதைத்தான் நன்றாகக் காட்டிக் கொடுத்தது.

"எப்படி?" என்றார் கடைக்காரம்மா.

"நல்லா இருக்கு" என்றார் பருந்து. "இதையே போட்டுடுங்க."

அந்தம்மா உடனே எடுக்கவில்லை. "கண்ணு காட்டி எவ்வளவு நாளாச்சு உங்களுக்கு?"

"அவர் கண்ணையா கேக்கறீங்க!" என்று மச்சினன் முந்திக்கொண்டான். "வேலையில அவர் பேரே பருந்தும்மா. நான் கீழ நின்னு விரலை அசைச்சா, அத்தனை உசரத்துலேருந்து அவருக்குத் தெரியும். என் உசிரையே அவர் கண்ணை நம்பித்தான் வெச்சிருக்கேன்."

அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதற்குப் பதில், அங்கேயே தரை பிளந்து உள்ளே போயிருக்கலாம். "தூசி விழுந்திருக்கும்மா, வேற ஒண்ணுமில்ல" என்று பருந்து கண்ணைக் கசக்கினார். கடைக்காரம்மா அதற்குமேல் கேட்கவில்லை.

மச்சினன் மற்ற சாமான்களை எடுக்கப் போனான். அவன் தனக்கு வாங்கியபோதுகூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டான். ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடிக்கிற வளையங்களைக் கையில் உருட்டி உருட்டிப் பார்த்தான். மலிவு வளையத்தைப் போட்டால் எவ்வளவு உசத்தி ஸ்கோப்பும் ஒவ்வொரு சூட்டுக்கும் மயிரளவு நகரும், அதனால் அதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்றான். முன்னால் தாங்க மடக்குகிற இரண்டு கால் எடுத்தான். பின்கட்டைக்கு அடியில் வைக்க மணல் அடைத்த சின்னப் பை எடுத்தான். அதைக் கையால் அமுக்கினால் துப்பாக்கியின் மூக்கு எவ்வளவு கொஞ்சமாக ஏறி இறங்கும் என்று செய்து காட்டினான். கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டத்தைச் சுண்டுவிரல் அளவுக்குச் செய்த மாதிரி ஒன்று இருந்தது. ஸ்கோப் மேல் அதைப் பூட்டினால் துப்பாக்கி சாய்ந்தால் காட்டிக் கொடுத்துவிடும். "இது உங்களுக்கு வேண்டாம்தான். உங்க கண்ணே ரசமட்டம். இருந்தாலும் அழகுக்கு இருக்கட்டும்" என்றான்.

பருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒவ்வொரு சாமானும் மேசைக்கு வரவர, திருடின சொத்தை அடுக்குகிற மாதிரி இருந்தது அவருக்கு.

கடைக்காரம்மா பாயை விரித்து, மச்சினன் வண்டியிலிருந்து எடுத்துவந்த ரைஃபிளை வைத்தார். "படுங்க. கண்ணை மூடிக்கிட்டு, உங்களுக்கு எப்படி வாகா இருக்கோ அப்படி கன்னத்தை வைங்க. வெச்சப்புறம் திறங்க. முழு வட்டமும் தெரியணும், ஓரத்துல கறுப்பு நிழல் வரக்கூடாது." பருந்து திறந்தார். நிழல் வந்தது. அந்தம்மா ஸ்கோப்பைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். "கண்ணுக்கும் இதுக்கும் நாலு விரக்கடை இடம் விடணும். பெரிய ரைஃபிள்ல கிட்ட வெச்சுச் சுட்டா புருவத்தைப் பிளந்துடும். இது சின்னத் தோட்டாதான், ஆனாலும் பழக்கம் இப்பவே சரியா வரட்டும். இப்ப வட்டம் முழுசாத் தெரியுதா?"

"முழுசாத் தெரியுது" என்றார் பருந்து. அது பொய்யில்லை. வட்டம் முழுசாகத்தான் இருந்தது. நடுவில் இருந்ததைப் பற்றி அந்தம்மா கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

கடைக்காரம்மா திருகுகளை மாற்றி மாற்றி, ஒரே பக்கம் இறுகிவிடாமல் முடுக்கிக் கொடுத்தார். பின்னால் களத்தில் நாலைந்து தோட்டா சுட்டு, கோட்டையும் குண்டு போகிற இடத்தையும் ஒன்றாக்கிக்கொள்ளச் சொன்னார்.

களத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கு விசில்காரர் என்று பேர். வாயிலிருந்து விசிலை எடுத்தால் திட்டுவதற்காகத்தான் எடுப்பார். தரையில் ஒரு மஞ்சள் கோடு. யாராவது காகிதம் மாட்ட அந்தப் பக்கம் போனால், அத்தனை ரைஃபிளிலும் தோட்டாவைப் பூட்டுகிற போல்ட்டைக் கழற்றிப் பாயில் போட்டுவிட்டு எல்லோரும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். தோட்டா இல்லை, போல்ட் இல்லை, அது வெறும் இரும்புக் குழாய்தான் என்றாலும் கிட்டே போகக்கூடாது. "தொடறது என்ன, கண்ணைக்கூட வைக்கக் கூடாது. எதிர்ல ஆள் இருக்கிறப்ப ஸ்கோப்புல பாத்தவன் அன்னியோட இந்த வாசலை மறந்துடணும்" என்று உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிட்டார். பருந்துக்கு இந்த மாதிரி விதி புதிதில்லை. கொக்கிக்குக் கீழே ஆள் இருந்தால் எப்படி என்று இருபது பேருக்குச் சொல்லிக் கொடுத்தவர்தான்.

மச்சினன் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனான். போல்ட்டைக் கழற்றிவிட்டு, எல்லோரும் பின்னால் வந்து நின்றார்கள். விசில்காரர் கடைசிப் பாயில் ஒருவர் மறந்துபோன தோட்டாப் பெட்டியைப் பார்த்து அந்தப் பக்கம் போனார்.

தூரத்தில் மச்சினன் இலக்குப் பலகை முன்னால் நின்றான். காகிதத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையும் மார்புக்கு நேரே இருந்தன. வேலைத்தளத்தில் நிற்கிற அதே நிற்பு. பருந்துக்கு என்னவோ ஆனது. அந்தக் கை விரிந்திருக்கிறதா மடங்கியிருக்கிறதா என்று ஒரே ஒரு தரம், அந்த உசத்திக் கண்ணாடி வழியாக, வலது கண்ணால் தெரிந்துவிட்டால் போதும். சுவரில் தெரியாதது வெயிலில் தெரியலாம் இல்லையா? தெரிந்துவிட்டால் நாளைக்கு நிம்மதியாக ஏணி ஏறலாம். கால் மஞ்சள் கோட்டைத் தாண்டியதை அவர் கவனிக்கவே இல்லை. பாயில் படுத்துக் கன்னத்தை வைத்தார்.

வெயிலில் பலகையின் ஓரம் தெரிந்தது. மச்சினனின் தோள் தெரிந்தது, கால்சட்டைப் பையில் தொங்கிய சாவிக்கொத்து தெரிந்தது. கையைப் பார்த்தார். கை இல்லை. சட்டையின் நிறம் அங்கே தொய்ந்து வழிந்திருந்தது. மணல் பையை அமுக்கி, துப்பாக்கியின் மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்கினார். முகத்தைப் பார்த்தார். முகம் இல்லை. காதும் தலைமுடியும் இருந்தன, நடுவில் புகை. திரும்பத் தோளைப் பார்த்தார்; இவ்வளவு நேரம் இருந்த தோள் போய்விட்டது. எதைப் பார்க்கிறாரோ அது இல்லாமல் போனது.

விசில் காதைக் கிழித்தது. "ஏய்! எந்திரி! எந்திரிய்யா அங்கேருந்து!"

மச்சினன் திரும்பிப் பார்த்தான். ஒரு குழல் தன்னைப் பார்த்து நிற்பதையும், அதற்குப் பின்னால் மாமா படுத்திருப்பதையும் பார்த்தான். கையிலிருந்த காகிதம் பறந்துபோனது.

விசில்காரர் ஓடிவந்து ரைஃபிளைப் பறித்தார். என்னென்ன திட்டினார் என்று நான் எழுதப்போவதில்லை, அத்தனையும் நியாயம். "சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. இனிமே இந்தப் பக்கம் உங்க நிழல் படக்கூடாது" என்று முடித்தார். பருந்து பாயிலேயே உட்கார்ந்திருந்தார்.

மச்சினன் மூச்சிரைக்க வந்து நின்றான். "என்ன மாமா பண்ணீங்க? நான் அங்க நிக்கறேன்! பச்சப் புள்ளையா நீங்க? என் தலையைக் குறி பாக்கறீங்களே!"

"உன் கையைத்தான் பாத்தேன்" என்றார் பருந்து. "விரிஞ்சிருக்கா மடங்கியிருக்கான்னு."

"என்ன உளர்றீங்க?"

"தெரியல மாப்ளே. கை தெரியல. முகமும் தெரியல. இந்தக் கண்ணு போச்சு, ரொம்ப நாளா." மிச்சத்தையும் சொன்னார். "அன்னிக்கும் தெரியல."

மச்சினனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நின்றவன் மெதுவாகக் குந்தினான்.

"அன்னிக்குன்னா... கம்பி சரிஞ்ச அன்னிக்கா?"

"நீ சரியாத்தான் மடக்கியிருப்பே. நான் பாக்கல. விரிஞ்சிருக்குன்னு நானா நெனச்சுக்கிட்டேன். நீ உன் தப்புன்னு சொன்னே. நான் சும்மா இருந்துட்டேன்."

பருந்து அடிக்குத் தயாராக இருந்தார். சட்டையைப் பிடித்து உலுக்கினாலும் பரவாயில்லை, எல்லார் முன்னாலும் காறித் துப்பினாலும் பரவாயில்லை என்றுதான் உட்கார்ந்திருந்தார். மச்சினன் ஒன்றும் செய்யவில்லை. தன் வலது கையைத் தூக்கி, விரலை மடக்கினான், விரித்தான், திரும்ப மடக்கினான்.

"ஒரு வாரமா வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு இதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன் மாமா" என்றான். குரல் ஏறவே இல்லை. "அப்பவும் சந்தேகம் தீரல. லீவு சொல்லிட்டு நரம்பு டாக்டர்கிட்ட போனேன். ஊசி குத்திப் பாத்தார், மின்சாரம் வெச்சுப் பாத்தார். கை நல்லா இருக்குன்னார். நான் நம்பல. டாக்டருக்கு என்ன தெரியும், மாமா பாக்காம இறக்க மாட்டாரு, என் கைதான் தாமசமாயிருக்கணும்னு நெனச்சேன்."

பருந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"நேத்து ஆபீஸ்ல போய்ச் சொல்லிட்டேன். இனிமே என்னைக் கீழ நிக்க வெக்காதீங்க, என் கையால யாருக்காவது ஏதாவது ஆயிடும்னு. சாமான் ரூமுக்கு மாத்திட்டாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இங்கேயாவது வாரா வாரம் உங்ககூட இருக்கலாம்னுதான் பாத்துப் பாத்து எல்லாத்தையும் எடுத்தேன்." கையைக் கீழே போட்டான். "என் இடத்துக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு மாமா. இப்பத்தான் படிச்சு முடிச்ச பொண்ணு. நாளைக்குக் காலையில உங்க கொக்கிக்குக் கீழ அதுதான் நிக்கப்போகுது."

நாளைக்கு ஏறலாமா வேண்டாமா என்று இத்தனை நாள் பருந்து தனக்குத் தானே நடத்திக்கொண்டிருந்த பஞ்சாயத்து, அந்த முகம் தெரியாத பெண்ணிடம் வந்து முடிந்தது. சட்டைப் பையில் போனைத் தேடினார். எடுத்து நம்பரைத் தேடி அழுத்தினார். மச்சினன் உதவிக்கு வரவில்லை. அதுவும் சரிதான்.

சைட் இன்ஜினியர் எடுத்தார். பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம்.

"சார், நாளைக்கு என்னை ஏத்தாதீங்க. எனக்கு வலது கண்ணு தெரியல. ரொம்ப நாளாவே தெரியல. மறைச்சுட்டேன். அன்னிக்குக் கம்பி சரிஞ்சது என்னாலதான். கை சரியாத்தான் இருந்துச்சு."

"என்ன சொல்றீங்க? யார் கை? இங்க ஒரே இரைச்சல், கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

பருந்து பாயில் கை ஊன்றி எழுந்து நின்றார். களத்தில் யாரும் சுடவில்லை. விசில்காரர் உட்பட எல்லோரும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் மச்சினன் கை சார்" என்று கத்தினார். "அவன் கை சரியா இருந்துச்சு. என் கண்ணுதான் பொய் சொல்லிச்சு. நானும் சொன்னேன்."

மச்சினன் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்றும் பாராமல், விம்மி விம்மி அழுதான்.